அறிகைக் கற்றற் கொள்கையும் வகுப்பறையும்: ஒரு வரலாற்று நோக்கு

1. பிரச்சினை

மாணவன் அறிவைக் கொட்டி நிரப்பும் வெறுங்கலம் அல்லன். தான் ஏற்கெனவே அறிந்தவற்றைக் கொண்டு புதியதைத் தானே கட்டியெழுப்புபவன் என்னும் கருத்து இன்று கல்வியியல் பயிலும் எவர்க்கும் அறிமுகமானதே. ஆசிரிய கலாசாலைகளின் விரிவுரைகளிலும் கல்வியியற் பரீட்சைகளின் வினாத்தாள்களிலும் அது நிலைத்த இடத்தைப் பெற்றுவிட்டது. ஆயினும், இக்கருத்தைப் பிழையறக் கற்றுச் சித்தியெய்திய ஆசிரியரின் வகுப்பிலும், கரும்பலகையிலுள்ள குறிப்பை மாணவர் பார்த்தெழுதும் காட்சியையே நாம் பெரும்பாலும் காண்கின்றோம். இம்முரண்பாட்டுக்கு ஆசிரியரின் அசிரத்தையே காரணம் என்று கூறிவிடுதல் எளிது; அதுவே வழமையாகக் கூறப்படும் விடையுமாகும். ஆனால் அறிகைக் கொள்கை எவ்வழியாக, எவர் தேவைக்காக, எவர் கையினூடாக வகுப்பறைக்கு வந்துசேர்ந்தது என்ற வினாவை எழுப்புவோமாயின், இவ்விடை போதாதென்பது புலனாகும்.

இக்கட்டுரையிலே அவ்வரலாற்றின் முக்கியமான சில கட்டங்களை நோக்குவோம். நாம் நிறுவ முனைவது இதுவே: மாணவனைச் சிந்திப்பவனாக மதிக்கக் கோரிய கொள்கை, ஆசிரியரைச் சிந்திப்பவராக மதியாத நிறுவன முறைகளினூடாகவே பெரும்பாலும் வகுப்பறைக்கு அனுப்பப்பட்டது. அது சூத்திரமாகச் சுருங்கியதற்கு இதுவே தலையாய காரணம்.

2. தவறான விடையின் பொருள்

அறிகைக் கொள்கையின் சிறப்பை உணர்வதற்கு, அது எதனை மறுத்து எழுந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும். 1898 இல் அமெரிக்க உளவியலாளரான தோண்டைக், பெட்டியினுள் அடைக்கப்பட்ட பூனைகள் பலமுறை முயன்று தவறிய பின்னர் கதவைத் திறக்கப் பழகும் முறையை ஆராய்ந்து, கற்றல் என்பது தூண்டலுக்கும் துலங்கலுக்கும் இடையே உருவாகும் பிணைப்பு என்னும் முடிவுக்கு வந்தார். நற்பயன் தரும் துலங்கல் நிலைக்கும், ஏனையவை மறையும். இம்மரபில் வந்த ஸ்கின்னர் 1954 இல் கற்பிக்கும் பொறி பற்றிய தம் கருத்துகளை வெளியிட்டார். அதன்படி பாடம் மிகச் சிறிய படிகளாகப் பிரிக்கப்படும். சரியான விடை ஒவ்வொன்றும் உடனடியாக மீளவலியுறுத்தப்படும். ஸ்கின்னர் தண்டனையை எதிர்த்தவர். ஒவ்வொரு மாணவனும் தன் வேகத்திலே கற்கவேண்டுமென விரும்பியவர். பிரம்பு ஆட்சி செய்த வகுப்பறைகளை நோக்க இவை முற்போக்கான கருத்துகளே. ஆனால் இக்கொள்கையிலே தவறான விடைக்குத் தனக்கெனப் பொருள் எதுவும் இல்லை. அது நீக்கப்படவேண்டியது, அவ்வளவே.

எடுத்துக்காட்டாக, 52 இலிருந்து 37 ஐக் கழிக்குமாறு கேட்கப்பட்ட ஒரு சிறுமி 25 என எழுதுகின்றாள் எனக் கொள்வோம். நடத்தைவாத நோக்கில் இது பிழையான ஒரு துலங்கல். அறிகை நோக்கிலோ இது ஒரு விதியின் விளைவு. ஒவ்வொரு நிரலிலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிக்கவேண்டுமென அவள் கொண்டிருக்கின்றாள். 7 இலிருந்து 2 போக 5. 5 இலிருந்து 3 போக 2. கடன்வாங்கல் வேண்டாத முன்னைய கணக்குகளில் இவ்விதி அவளுக்கு ஒருபோதும் பிழையான விடையைத் தரவில்லை. எனவே அவள் சிந்தித்தே பிழைவிட்டாள். "எப்படிச் செய்தாய், பிள்ளை?" என ஆசிரியர் வினவினாலன்றி இது வெளிப்படாது. அறிகைக் கொள்கை வகுப்பறைக்கு அளித்த மிகப் பெரிய கொடை இவ்வினாவே என நாம் கருதுகின்றோம்.

இவ்வினாவின் வரலாறு 1920 ஆம் ஆண்டளவில் பாரிஸ் நகரத்துக்கு எம்மை இட்டுச்செல்கின்றது. அங்கு பினேயின் பெயரோடு தொடர்புடைய ஆய்வுகூடப் பாடசாலையில், ஆங்கில உளவியலாளர் பேட் ஆக்கிய நியாயித்தற் சோதனைகளைப் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு ஏற்ப நியமப்படுத்தும் பணி சுவிற்சர்லாந்து இளைஞரான பியாஜேயிடம் ஒப்படைக்கப்பட்டது. சரியான விடைகளை எண்ணிக் கணக்கிடுவதே அப்பணி. ஆனால் ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே வகையான தவறுகளை விடுவது அவரது கவனத்தை ஈர்த்தது. அவர் பிள்ளைகளோடு உரையாடி, அவர்கள் அவ்விடைக்கு வந்த வழியைக் கேட்கத் தொடங்கினார். 1921 இல் ஜெனீவாவிலுள்ள ரூசோ நிறுவனத்திற் சேர்ந்தபின் அறுபது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைந்த காலம், 1980 இல் மறையும்வரை, அவர் இவ்வாய்வைத் தொடர்ந்தார். புதிய அனுபவத்தைப் பழைய அமைப்பினுள் ஏற்கும் தன்மயமாக்கலும், பழைய அமைப்பையே மாற்றிக்கொள்ளும் தன்னமைவாக்கலும் இணைந்து சமநிலையை நோக்கிச் செல்வதே அறிவு வளர்ச்சி என்பது அவர் கொள்கையின் சாரம். புலனியக்கப் பருவம் முதல் நியம சிந்தனைப் பருவம் ஈறாக அவர் வகுத்த பருவங்கள் இச்சாரத்திலிருந்து பெறப்பட்டவை. பிற்காலத்திலே சாரம் மறக்கப்பட்டுப் பருவங்கள் மாத்திரம் மனனம் செய்யப்பட்டமை நோக்கற்பாலது.

3. வைகொட்ஸ்கியும் 1936 ஆம் ஆண்டு ஆணையும்

பியாஜே பிறந்த அதே 1896 ஆம் ஆண்டிற் பிறந்த வைகொட்ஸ்கி, புரட்சிக்குப் பிந்திய சோவியத் ஒன்றியத்திலே தம் ஆய்வை நிகழ்த்தினார். சிந்தனை தனியனின் உள்ளத்தில் மட்டும் முகிழ்ப்பதன்று. மொழியும் பிறருடனான செயற்பாடும் முதலில் வெளியே நிகழ்ந்து பின்னரே உள்ளே செல்கின்றன என்பது அவர் நிலைப்பாடு. பிள்ளை தனியே செய்யக்கூடியதற்கும் வளர்ந்தோர் துணையுடன் செய்யக்கூடியதற்கும் இடைப்பட்ட பரப்பை அவர் அண்மை விருத்தி வலயம் என்றார். வழமையான நுண்ணறிவுச் சோதனைகள் முடிந்துபோன வளர்ச்சியையே அளக்கின்றன, மலரவிருக்கும் வளர்ச்சியை அவை காண்பதில்லை என்பதும் அவரது கண்டனமாகும்.

1934 இல் காசநோயால் அவர் இறந்தார். அவரது 'சிந்தனையும் மொழியும்' என்னும் நூல் அவ்வாண்டிலேயே, அவர் மறைவுக்குப் பின்னர் வெளிவந்தது. 1936 ஜூலை 4 ஆம் திகதி கம்யூனிஸ்ட் கட்சியின் மத்திய குழு, குழந்தையியல் எனப்பட்ட துறையைத் தடைசெய்யும் ஆணையைப் பிறப்பித்தது. சோதனைகளைக் கொண்டு பெருந்தொகைப் பிள்ளைகளைப் பின்தங்கியோர் எனப் பிரித்து விசேட பாடசாலைகளுக்கு அனுப்பியமைக்கு எதிரான அக்கண்டனத்தில் நியாயமும் இருந்தது. ஆனால் அச்சோதனைகளின் குறைபாட்டை எடுத்துரைத்த வைகொட்ஸ்கியின் எழுத்துகளும் அதே ஆணையினால் இருளில் தள்ளப்பட்டன. 1956 வரை அவை மீளப் பதிப்பிக்கப்படவில்லை. ஆங்கில மொழிபெயர்ப்பு 1962 இலேயே வெளிவந்தது. தம்மைப் பற்றி 1934 இல் எழுதப்பட்ட விமரிசனத்துக்குப் பியாஜே மறுமொழி எழுதியதும் அவ்வேளையிலேதான். இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, இறந்துவிட்ட ஒருவருக்கு எழுதப்பட்ட பதில் அது. கற்றலில் உரையாடலின் பங்கை வற்புறுத்திய இருவருக்கிடையே உரையாடல் நிகழ முடியாது போனமை இருபதாம் நூற்றாண்டின் அரசியல் நிகழ்த்திய முரணாகும்.

4. வூட்ஸ் ஹோல் மகாநாடு

அறிகைக் கொள்கை பெருமளவிலே வகுப்பறையை நோக்கித் திரும்பியது ஐக்கிய அமெரிக்காவிலாகும். 1957 ஒக்ரோபர் 4 இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செய்மதியை ஏவியது. மறு ஆண்டிலே அமெரிக்கக் காங்கிரஸ் தேசிய பாதுகாப்புக் கல்விச் சட்டத்தை நிறைவேற்றியது. 'பாதுகாப்பு' என்னும் சொல் கல்விச் சட்டத்தின் பெயரில் அமர்ந்தமை தற்செயலானதன்று. ஆயினும், சீர்திருத்தச் சிந்தனையே ஸ்புட்னிக்கினால் தோன்றியதென்பதும் பொருந்தாது. பௌதிகவியற் பாடத்தைத் திருத்தும் முயற்சியைச் சக்கரையாஸ் தலைமையில் மசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவன அறிஞர்கள் 1956 இலேயே தொடங்கிவிட்டனர். ஸ்புட்னிக் அளித்தது நிதியும் அவசரமுமாகும்.

1959 செப்ரெம்பரில், மசசூசெட்ஸ் மாநிலத்தின் கடற்கரை ஊரான வூட்ஸ் ஹோலில், தேசிய விஞ்ஞானக் கழகத்தின் ஏற்பாட்டில் ஏறத்தாழ 35 அறிஞர்கள் கூடினர். ஹாவாட் பல்கலைக்கழக உளவியலாளர் ஜேரோம் புறூனர் தலைமை வகித்தார். ஜெனீவாவிலிருந்து பியாஜேயின் சகபாடியான இன்ஹெல்டர் அம்மையார் வந்திருந்தார். இம்மகாநாட்டின் பயனாகப் புறூனர் 1960 இல் வெளியிட்ட 'கல்விச் செயன்முறை' என்னும் சிறு நூல் பல மொழிகளிற் பரவியது. ஒவ்வொரு துறைக்கும் அடிப்படையான ஓர் அமைப்பு உண்டு. அதனைப் பிள்ளையின் சிந்தனை நிலைக்கேற்ற, ஆனால் உண்மை பிறழாத வடிவில் எவ்வயதிலும் அறிமுகப்படுத்தலாம். பின்னர் அதே கருத்துக்கு மேலும் மேலும் ஆழமாகத் திரும்பி வரலாம் என அந்நூல் வாதிட்டது. சுருளிக் கலைத்திட்டம் என்னும் எண்ணக்கரு இவ்வாறு பிறந்தது. செயலால், உருவத்தால், குறியீட்டால் அறிவு பிரதிபலிக்கப்படும் என்று அவர் பின்னர் கூறிய மூன்று முறைகளும் ஆசிரியருக்குப் பெரும் பயனுடையன. ஒரு நிறுத்தற் கோலில் எடைகளை நகர்த்தி விளையாடும் பிள்ளை பெருக்கலின் இயல்பைக் குறியீட்டுக்கு முன்னரே கையால் அறிகின்றது.

ஆயின், வூட்ஸ் ஹோலில் கூடியோரிற் பெரும்பாலோர் விஞ்ஞானிகளும் கணிதவியலாளரும் உளவியலாளருமே. நாள்தோறும் நாற்பது பிள்ளைகளுக்கு முன் நிற்கும் ஆசிரியரின் குரல் அங்கு மிக மெலிந்தே ஒலித்தது. இதன் விளைவு அடுத்த தசாப்தத்திலே வெளிப்பட்டது. ஆசிரியர் எவராயினும் பழுதுபடாத பாடப்பொதிகளை ஆக்கிவிடலாம் என்னும் நம்பிக்கை சீர்திருத்தவாதிகளிடையே பரவியது. மாணவன் கண்டறியவேண்டியது, ஆசிரியரோ கையளிக்கப்பட்டதை நிறைவேற்றவேண்டியவர். ஒரே வகுப்பறையில் இரு கற்றற் கொள்கைகள் இவ்வாறு நிலைபெற்றன: மாணவனுக்கு அறிகைக் கொள்கை, ஆசிரியருக்கு நடத்தைவாதம்.

5. சிந்தனையின் எல்லை

இக்குறையை உணர்ந்து ஆக்கப்பட்ட ஒரு கலைத்திட்டமும் உண்டு. 'மனிதன்: ஒரு கற்கைநெறி' எனப் பெயர்பெற்ற அதனைப் புறூனரின் வழிகாட்டலில், தேசிய விஞ்ஞான மன்றத்தின் நிதியுடன் உருவாக்கினர். பத்து வயதை அண்டிய பிள்ளைகள் அதிற் சமன் மீன், கடற்பறவை, பபூன் குரங்கு ஆகியவற்றின் வாழ்வை முதலிற் கற்று, பின்னர் கனடாவின் வடதுருவப் பகுதியில் வாழ்ந்த நெற்சிலிக் மக்களின் வாழ்வைத் திரைப்படங்களிற் கண்டனர். மனிதனை மனிதனாக்குவது எது, அவன் அவ்வாறானது எவ்வாறு, அவன் மேலும் மனிதனாவது எவ்வாறு என்பனவே அக்கற்கைநெறியின் மூல வினாக்கள். இங்கு ஆசிரியர் ஒதுக்கப்படவில்லை; பயிற்சி பெறாத ஆசிரியரிடம் இப்பொதி ஒப்படைக்கப்படலாகாது என ஆக்கியோர் நிபந்தனை விதித்தனர்.

வர்த்தக நிறுவனங்கள் பதிப்பிக்கத் தயங்கிய இந்நெறி 1970 இல் வெளிவந்து நாடெங்கும் பரவிற்று. எதிர்ப்பும் உடன்வந்தது. கடுங்குளிரில் உணவற்ற காலத்து முதியோர் கைவிடப்பட்டமை போன்ற செய்திகளைப் பிள்ளைகள் விவாதிப்பது குடும்ப விழுமியங்களைச் சிதைக்கும் எனப் பெற்றோர் சிலர் வாதிட்டனர். 1975 இல் அரிசோனா மாநிலப் பிரதிநிதி கொன்லான் இவ்விடயத்தைக் காங்கிரசுக்குக் கொண்டுசென்றார். அவரது திருத்தப் பிரேரணை சிறு பெரும்பான்மையால் தோற்கடிக்கப்பட்டபோதிலும், மன்றம் இந்நெறிக்கான உதவியை நிறுத்திக்கொண்டது. 1936 இன் ஆணையையும் 1975 இன் விவாதத்தையும் நாம் சமப்படுத்தவில்லை. ஒன்றிற் கேள்விக்கு இடமிருக்கவில்லை. மற்றதில் வாக்கெடுப்பு நடைபெற்றது. எனினும், பிள்ளை உண்மையாகவே வினா எழுப்பத் தொடங்கும் இடத்திற் சமூகத்தின் அதிகாரம் விழித்துக்கொள்கின்றது என்பது இரண்டிலும் ஒருங்கே புலப்படுகின்றது.

புறூனரும் தம் நிலைப்பாட்டை மீளாய்வு செய்தார். 1971 இல் எழுதிய கட்டுரையொன்றில், 1960 இன் நூல் மாணவர் அனைவரும் கற்க விரும்பும், கற்கத்தக்க சூழலில் வாழ்கின்றனர் எனக் கொண்டுவிட்டதென்றும், வறுமையையும் இன ஒடுக்குமுறையையும் அது கருத்திற் கொள்ளவில்லையென்றும் ஒப்புக்கொண்டார். தம் புகழுக்குக் காரணமான நூலைத் தாமே இவ்வாறு திருத்திய நேர்மை போற்றற்பாலது.

இங்கிலாந்திற் சிக்கல் வேறு வடிவெடுத்தது. 1967 இன் பிளவுடன் அறிக்கை பியாஜேயின் ஆய்வைத் தன் ஆதாரங்களுள் ஒன்றாகக் கொண்டு, பிள்ளை மையக் கல்வியை ஆதரித்தது. அதன் நற்பயன்கள் பல. ஆனால் 'பிள்ளை இன்னும் அப்பருவத்தை அடையவில்லை' என்னும் தொடர் கற்பியாதிருப்பதற்கான நியாயமாகவும் வழங்கலாயிற்று. 1978 இல் மாகிரட் டொனால்ட்சன் வெளியிட்ட 'பிள்ளைகளின் உள்ளங்கள்' என்னும் நூல் இதற்குத் தக்க மறுப்பாயிற்று. இரு வரிசைப் பொத்தான்களில் ஒன்றைப் பெரியவர் நீட்டி வைத்து எண்ணிக்கை சமமா என மீண்டும் கேட்டபோது தவறிய பிள்ளைகள் பலர், குறும்புக்காரக் கரடிப் பொம்மை ஒன்று வரிசையைக் குலைத்ததாகக் காட்டியபோது சரியாக விடையளித்தனர். பெரியவர் ஒன்றை வேண்டுமென்றே மாற்றிவிட்டு அதே வினாவை மீளக் கேட்டால், விடையும் மாறவேண்டும் போலும் எனப் பிள்ளை ஊகிக்கின்றது. எண்ணைப் பற்றி மட்டுமன்றி, கேட்பவரின் நோக்கத்தைப் பற்றியும் அது சிந்திக்கின்றது. எம் வகுப்பறைகளில், ஆசிரியர் ஒரு வினாவை இருமுறை கேட்டவுடன் பிள்ளை தன் சரியான விடையையே மாற்றிக்கொள்வதை நாம் அறிவோம்.

6. எமது வழிகாட்டி நூல்களுக்கு வந்த பாதை

இவ்வரலாறு இலங்கைக்குப் புறம்பானதன்று. கலிபோர்ணியாவின் பேர்க்ளிப் பல்கலைக்கழகப் பௌதிகவியலாளரான றொபேட் கார்ப்பிளஸ், 1950 களின் இறுதியில் தம் மகளின் வகுப்புக்கு விஞ்ஞானம் கற்பிக்கச் சென்றார். தாம் விளக்கியதைப் பிள்ளைகள் தத்தம் முன்னெண்ணங்களின் வழியாகவே விளங்கிக்கொண்டதைக் கண்டு, பியாஜேயின் ஆய்வுகளை நாடினார். பிள்ளைகள் முதலிற் பொருள்களைக் கையாண்டு ஆராயட்டும். பின்னர் ஆசிரியர் எண்ணக்கருவை அறிமுகப்படுத்தட்டும். அதன்பின் அது புதிய நிலைமைகளிற் பிரயோகிக்கப்படட்டும் என அவர் வகுத்த முறை கற்றல் வட்டம் எனப்பட்டது. விஞ்ஞானிகள் நூற்றாண்டுகளாக உருவாக்கிய எண்ணக்கருவைப் பிள்ளை தனியே கண்டறியும் என அவர் மயங்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. ஸ்புட்னிக்குக்கு மறு ஆண்டில், 1958 இல் தோன்றிய அமெரிக்க உயிரியற் கலைத்திட்ட நிறுவனம் இதனை 1980 களில் விரிவாக்கியது. ஈடுபடல், கண்டறிதல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் என்னும் ஐந்து 'ஈ' மாதிரி அவ்வாறு உருவாயிற்று.

இலங்கையில் 2007 இல் தரம் 6 இலும் தரம் 10 இலும் தொடங்கிய தேர்ச்சி மையக் கலைத்திட்டம் இம்மாதிரியைத் தழுவியது. ஆசிரியர் வழிகாட்டிகள் செயற்பாடுகளைப் படிகளாக வகுத்து, குழுக்களுக்கான அறிவுறுத்தல்களையும் தந்தன. வகுப்பறையை மாணவரின் செயலுக்குத் திறக்கும் நல்லெண்ணம் இதில் இருந்ததை மறுத்தல் தகாது. ஆனால் ஜெனீவாவிலும் பேர்க்ளியிலும் பிள்ளையின் விடையைக் கேட்டதிலிருந்து பிறந்த முறை, நிரப்பவேண்டிய ஐந்து தலைப்புகளாகவே ஆசிரியர் பலரை வந்தடைந்தது. மேற்கூறிய சிறுமியின் 25 எந்தத் தலைப்பின் கீழ் வரும்? அவளிடம் வழி கேட்டு, அவளது விதியை உணர்ந்து, கட்டுகளாகவும் தனிகளாகவும் ஈர்க்குகளைக் கொடுத்து 52 ஐப் பிரிக்கச் செய்வதற்கு வேண்டிய நேரத்தையும் சுதந்திரத்தையும் எந்த வழிகாட்டியும் தரவியலாது. பரீட்சையோ விடையை மட்டுமே கேட்கின்றது.

7. முடிவுரை

மாற்றுவழி இல்லாமலில்லை. 1980 களில் ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திற் கார்ப்பென்றர், பென்னெமா ஆகியோரும் அவர்தம் சகாக்களும் மேற்கொண்ட ஆய்வு இங்கு நினைவுகூரத்தக்கது. முதலாந் தரத்து ஆசிரியர் 40 பேருள் அரைவாசிப் பேருக்கு, கூட்டல் கழித்தற் பிரச்சினைகளைப் பிள்ளைகள் எவ்வாறு சிந்திக்கின்றனர் என்பது பற்றிய ஆய்வறிவு நான்கு வாரப் பயிலரங்கில் வழங்கப்பட்டது. பாடப்பொதி எதுவும் அளிக்கப்படவில்லை. எவ்வாறு கற்பிப்பது என்பதும் விதிக்கப்படவில்லை. 1989 இல் வெளியான முடிவுகளின்படி, இவ்வாசிரியர்கள் தம் மாணவர் பிரச்சினை தீர்க்கும் வழிகளைக் கூடுதலாகச் செவிமடுத்தனர். எண் பயிற்சிக்குக் குறைந்த நேரமே செலவிட்டபோதிலும், அவர்தம் மாணவர் பிரச்சினை தீர்த்தலில் முன்னேறியதோடு எண்ணறிவிலும் பின்தங்கவில்லை. கொள்கையை ஆசிரியரே தம் சிந்தனையாக்கிக்கொண்டபோது அது பயன் தந்தது.

எனவே, அறிகைக் கொள்கையை வகுப்பறையிற் பிரயோகித்தல் என்பது ஆசிரியருக்கு மேலும் ஒரு மாதிரியைக் கையளிப்பதன்று. மாணவருக்கு நாம் வேண்டும் உரிமைகளை, அதாவது ஆராயவும் தவறவும் காரணம் கேட்கவும் உள்ள உரிமைகளை, ஆசிரியருக்கும் வழங்குவதே அதன் முதற்படி. எமது பாடசாலைகளில் ஆசிரியர்கள் மாதம் ஒருமுறையேனும் கூடி, மாணவரின் தவறான விடைகளை முன்வைத்து உரையாடுவார்களாயின், தமிழ்மூலக் கல்வியில் இதுவரை போதியளவு திரட்டப்படாத ஓர் அறிவுத்தொகுதி உருவாகத் தொடங்கும். பல்கலைக்கழகக் கல்வியியலாளர் அதனை நெறிப்படுத்தித் துணைநிற்கலாம். அவ்வுரையாடலைத் தொடங்குவதற்கு 25 என்னும் ஒரு விடையும், அதனை எழுதிய பிள்ளையை நோக்கி எழுப்பப்படும் ஒரு வினாவும் போதுமானவையாகும்.